ஏலகிரிக்கு ஒரு நாள்

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு எங்கள் கடைக்கு ஒரு நாள் விடுமுறை உண்டு. தீபாவளி, பொங்கலை விட்டால் வருடத்தில் ஷட்டர் முழுதாக இறங்கியிருப்பது அந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான். காஞ்சிபுரத்தில் நாலு மாடிப் பட்டுக்கடை. முகூர்த்தப் புடவை விற்கும் இரண்டாவது மாடியில் நாங்கள் ஒன்பது பெண்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன செய்தாய் என்று மறுநாள் யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லோரும் துணி துவைத்திருப்போம்.

ஒன்பது பேரில் மூத்தவளை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருடத்துக்கு மேல் அதே மாடியில் நின்றவள். நின்றவள் என்று சும்மா சொல்லவில்லை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். அக்காவின் முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும். வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கும் நாலு ஸ்டூல் வந்தது. ஒரே வாரத்தில் அவற்றின்மேல் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். யார் அடுக்கியது என்று யாரும் கேட்கவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆள் யாரும் இருக்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருந்தது, அது அக்கா. பதின்மூன்று வருடம் இரண்டு பேரும் டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என்னோடு இருந்தது என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் யாரும் இல்லை, அவள்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கில் ஒருவன் ஏலகிரி மலை ஏறுகிறான். வளைவு வளைவாகப் பாதை. மேலே ஒரு ஏரி, படகு. அக்கா என் கையோடு போனைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது இன்னா ஊரும்மா?"

"ஏலகிரிக்கா. நம்ம வாணியம்பாடி தாண்டி. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்."

"போட்ல யாரு வேணா ஏறலாமா?"

"டிக்கெட் எடுத்தா யாரு வேணா ஏறலாம்."

அக்கா என் கையை விட்டாள். அப்புறம் சிரித்தாள். "ஓரிக்கைல பொறந்து வளந்தவ நானு. வாசலைத் தாண்டுனா பாலாறு. ஐம்பத்திரண்டு வயசு ஆயிடுச்சி, இன்னும் ஒரு போட்ல காலை வெச்சதில்ல பாரு. ஆத்துல தண்ணி இருந்தாத்தானே."

அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த ஆடி விடுமுறைக்கு ஒன்பது பேரும் ஏலகிரி போகிறோம் என்று.

எனக்குத் திட்டம் போடுவதில் ஒரு வெறி உண்டு. வீட்டில் ஒரு கல்யாணம், காதுகுத்து என்றால் யார் எந்த வண்டியில் ஏறுவது என்பதுவரை எழுதி வைத்துவிடுவேன். இதற்குத் தனியாக ஒரு நோட்டே போட்டேன். ஏற்காடு ஒரு நாளில் முடியாது, தள்ளினேன். ஹார்ஸ்லி மலை ஆந்திராவுக்குள் போக வேண்டும், வண்டிக்குப் பர்மிட் எடுக்க வேண்டும், அதையும் தள்ளினேன். ஏலகிரிதான் சரி. காலை ஐந்து மணிக்குக் கடை வாசலில் கிளம்பினால் பாலுசெட்டிச்சத்திரம் வழியாக வாலாஜா, ஏழு மணிக்கு வேலூர். அங்கே டிபன். ஒன்பது மணிக்கு மலை அடிவாரம். பதினாலு கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் என்று சொன்ன இரண்டு பேருக்கு முன்சீட்டு, எலுமிச்சம்பழம், கவர்.

ஆண்கள் போடும் பயணத் திட்டத்தில் இல்லாத ஒரு பக்கம் என் நோட்டில் இருந்தது. எந்தெந்த இடத்தில் சுத்தமான கக்கூஸ் இருக்கிறது என்ற பட்டியல். அந்தப் பாதையில் போய்வந்த ஒரு டிரைவர் அண்ணனைப் பிடித்து, ஒவ்வொரு ஓட்டலாக விசாரித்து எழுதினேன். அக்காவுக்காக முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் கால் நீட்டி நடக்க நேரம் வைத்தேன். மலைமேல் போனதும் முதல் வேலை படகு. மற்றவர்கள் பூங்காவுக்கு முதலில் போகலாமே என்றார்கள். நான் விடவில்லை. மதியத்துக்கு மேல் மழை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்று படித்திருந்தேன். "போட்டு முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன். அக்கா என் டப்பாவில் தன் பங்கு அப்பளத்தையும் வைத்தாள்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. வீட்டில் விட வேண்டுமே. இரண்டு பேரின் புருஷன்மார் முடியவே முடியாது என்றார்கள். பொம்பளைங்க மட்டும் தனியாக மலைக்குப் போய் என்ன பண்ணப் போகிறீர்கள் என்று ஒருத்தியின் மாமியார் கேட்டாளாம். இன்னொருத்தி அழுதாள். "கடை டூர்னு சொன்னா விடுவாங்க. கடையே கூட்டிக்கினு போவுதுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

அதைக் காரணமாக வைத்துக்கொண்டுதான் நான் சின்ன முதலாளியிடம் போனேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் அந்தக் காரணத்தைத்தான் சொல்வேன். ஆனால் முழு உண்மை அதுவல்ல. கடையின் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்திருந்தால் போதும். நான் நோட்டையும் கொண்டுபோனேன். பெரிய முதலாளி ஒதுங்கி, மகன் கடைக்கு வர ஆரம்பித்திருந்த நேரம் அது. வெளியூரில் படித்தவர், முப்பது வயதுகூட இருக்காது. இந்த மாடியில் தலையுள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பதின்மூன்று வருடத்தில் அந்தக் கடையில் யாரும் என் கையெழுத்தைப் பார்த்ததில்லை.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கக்கூஸ் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

"சூப்பர் மேடம். இவ்ளோ டீட்டெய்லா யாருமே பண்ண மாட்டாங்க. எதுக்கு நீங்க செலவு பண்றீங்க? வேன் நான் குடுக்குறேன். சாப்பாடும் கடை பொறுப்பு. நானும் வரேன்."

என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. படியிறங்கி வரும்போது கால் தரையில் பாவவில்லை.

மற்ற ஏழு பேரும் துள்ளிக் குதித்தார்கள். அக்கா மட்டும் கையிலிருந்த புடவையை மடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அவரு வண்டின்னா அது அவரு டூரும்மா."

"அப்டிலாம் இல்லக்கா. நம்ம பிளான்தான். நோட்டைப் பாத்துட்டு ஓகே சொல்லிட்டாரு."

"சரி பாப்போம்" என்றாள்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு, புது டிசைன் புடவை பதினைந்து எடுத்துவைக்கச் சொன்னார். மலையில் வைத்து ரீல்ஸ் எடுக்கப் போகிறாராம். மாடல் எல்லாம் வேண்டாம், நம் கடைப் பெண்களே கட்டிக்கொண்டு நின்றால் இயல்பாக இருக்கும். ஒரு மணி நேர வேலைதான், மிச்ச நாள் முழுக்க உங்களுடையது. சென்னையிலிருந்து கேமராக்காரர் வருகிறார். நான் தலையாட்டினேன். மாடிக்கு வந்து ஒரு மணி நேர வேலைதானாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு ஒன்பது பேரும் கடை வாசலில் நின்றோம். அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஒரு தூக்கு நிறையப் புளிசாதம் கிளறிக் கொண்டுவந்திருந்தாள். கடை சாப்பாடு தருகிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. கேமராக்காரர் வந்து சேர்ந்தபோது மணி ஏழேகால். அவருடைய பெட்டிகளுக்கும் விளக்குகளுக்கும் கதவோரச் சீட்டு போயிற்று. கால் நீட்ட வசதியாக அக்காவுக்கு என்று நான் குறித்து வைத்திருந்த சீட்டு அது. கடைசி வரிசையில், புடவைப் பைகளுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்தாள். வேலூரில் பத்து நிமிடம்தான் நின்றோம். அதற்கப்புறம் எங்கேயும் நிற்கவில்லை. என் நோட்டு என் கைப்பையிலேயே இருந்தது.

மலைமேல் ஏறியபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. ஏரிக்கு இறங்கும் பாதையைப் பார்த்ததும் டிரைவரிடம் நிறுத்தச் சொன்னேன். சின்ன முதலாளி திரும்பினார்.

"மேடம், இப்ப வெளிச்சம் நல்லா இருக்குது. முதல்ல வியூ பாயிண்ட்ல ஷூட் முடிச்சிக்கலாம். போட்டிங் எங்க போயிடப் போவுது?"

நான் நோட்டை எடுக்கவில்லை. "சரிங்க சார்" என்றேன்.

அந்த ஒரு மணி நேர வேலை நாலு மணி நேரம் நீண்டது. வேனுக்குத் திரை போட்டு அதற்குள் ஒவ்வொருத்தியாகப் புடவை மாற்றினோம். கட்டிவிட்டவள் அக்கா. அவளைப் போல முந்தானை மடிக்க எங்கள் கடையில் ஆள் கிடையாது. ஐந்து நிமிடத்தில் ஒரு பெண்ணை மணப்பெண்ணாக்கி வெளியே அனுப்பிவிடுவாள். வேனுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தபடியே ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குக் கட்டி, அவிழ்த்ததை மடித்து, திரும்ப அடுத்ததைக் கட்டி.

எட்டுப் பேர் முடிந்ததும் அவளாகவே ஒரு மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கடைசியாக ஒரு படம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கேமராக்காரர் சின்ன முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். சின்ன முதலாளி என்னிடம் வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. யூத் ஆடியன்ஸுக்கு எடுக்குறோம். அவங்க ஃபிரேம்ல வேணாம். நீங்களே கொஞ்சம் பக்குவமா சொல்லிடுங்க."

பக்குவமாகத்தான் சொன்னேன். "அக்கா, காலையிலேருந்து குனிஞ்சிக்கினே இருந்தீங்க. கால் வலிக்கப் போவுது. போய் வேன்ல ஒக்காருங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் என் தோளுக்கு மேலே சின்ன முதலாளியைப் பார்த்தாள். என் கால் வலியைப் பற்றி உனக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேனுக்குள் போய் மஞ்சள் புடவையை அவிழ்த்து மடித்து அட்டையில் வைத்துவிட்டு, தன் நூல் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

மதியச் சாப்பாடாகப் பிரியாணிப் பொட்டலம் வந்தது. செவ்வாய்க்கிழமை கறி ஆகாது என்று மூன்று பேர் அக்காவின் தூக்கைத் திறந்தார்கள். நான் சின்ன முதலாளி கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன்.

நாலரை மணிக்கு ஏரிக்குப் போனோம். மேற்கே வானம் கறுத்துவிட்டது. காற்றில் ஈரம். படகுத்துறையில் இருந்தவர் கையை ஆட்டினார். "இடி இடிக்குதுங்க. இப்ப ஒரு ரவுண்டு வுடுறேன், அவ்ளோதான். அப்புறம் இல்ல."

சின்ன முதலாளி துடுப்புப் படகு இரண்டு எடுத்தார். ஒன்றில் கேமரா. இன்னொன்றில், சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண். "மேடம், நீங்களும் ஏறுங்க. அம்மா பொண்ணு மாதிரி நல்லா இருக்கும். கருநீலப் புடவை உங்களுக்கு எடுப்பா இருக்குது."

"சார், அக்கா ஏறட்டுமே" என்றேன். சொன்னேன், அது பொய் இல்லை. ஆனால் எந்தக் குரலில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். மறுத்தால் வற்புறுத்தாத குரல் அது.

"அவங்க அடுத்த ரவுண்டு போகட்டும்" என்றார்.

அடுத்த ரவுண்டு இல்லை என்று படகுக்காரர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அக்கா பக்கத்தில்தான் நின்றாள். என் கொசுவம் ஒரு பக்கம் தொங்குவதைப் பார்த்து, முட்டி போட்டு உட்கார்ந்து சரிசெய்தாள். அந்த மரத்துப்போன காலோடு, ஈரப் படிக்கட்டில். எழுந்து தோளில் ஊசியை மாற்றிக் குத்தினாள். நான் கழற்றிப் போட்ட செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏறும்மா. மொவத்தைச் சிரிச்சாப்ல வெச்சிக்கோ" என்றாள்.

நான் ஏறினேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. படகு கரையை விட்டு நகர்ந்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தண்ணீரில் கை வைத்தேன். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், சிரித்தேன். நடித்த சிரிப்பு இல்லை. பத்து நிமிடம் கழித்துக் கரையைத் திரும்பிப் பார்த்தபோதுதான் அக்கா நினைவுக்கு வந்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. எல்லோரும் கூரைக்கடியில் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் என் செருப்போடு படியிலேயே நின்றிருந்தாள்.

இறங்கியபோது மழை வலுத்துவிட்டது. துறையைப் பூட்டினார்கள். திரும்பும் வழியெல்லாம் மற்றவர்கள் பாட்டுப் பாடினார்கள். அக்கா கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். கடை வாசலில் இறங்கியதும் அவள் பையை வாங்கப் போனேன். "இருக்கட்டும்மா, கனமில்ல" என்றாள்.

அந்தப் படகு ரீல் நிறையப் பேர் கண்ணில் பட்டது. கடைக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து, "ஏரில போட்டுல வர்றவங்கதானே நீங்க? அந்தப் புடவைதான் வேணும்" என்று கேட்டார்கள். தீபாவளிக்கு முன் என்னை மாடிப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். பொறுப்பாளருக்கு ஒரு மேசை, சுழல் நாற்காலி. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு நான் உட்கார்ந்தேன். என் மேசைக்கு நேர் எதிரே அக்காவின் இடம்.

அவள் சண்டை போடவில்லை. சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டாள். முதல் பந்தியில் சாப்பிடுகிறவள் இரண்டாம் பந்திக்குப் போனாள். ஒரு நாள் தனியாகப் பிடித்து, "அக்கா, நானே உங்களைக் கூட்டிக்கினு போறேன், நம்ம ரெண்டு பேரு மட்டும்" என்றேன். "எதுக்கும்மா? பாத்தாச்சே" என்றாள். தீபாவளி விற்பனை முடிந்த மறுவாரம் வேலையை விட்டுவிட்டாள். நான்தான் அவளுடைய ராஜினாமாக் கடிதத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இருபது வருடத்துக்கு மேல் நின்றவளுக்குக் கடை ஒரு சால்வை போர்த்தியது. அதையும் நான்தான் போர்த்தினேன்.

தை மாதம் அவள் ராஜவீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். மெத்தை போட்டு உட்கார்ந்து விற்கும் பழைய மாதிரிக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் அவளே பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. ஒரு கணம் என் பழைய அக்கா என்றுதான் நினைத்தேன்.

"வாங்க மேடம், வாங்க. உள்ள வந்து ஒக்காருங்க. கல்யாணத்துக்கா, சும்மா கட்டிக்கவா? என்ன கலர் பாக்குறீங்க?"

"அக்கா..."

"லைட் கலரா, டார்க்கா மேடம்? புது வரவு நிறைய இருக்குது, எடுத்துப் போடட்டுமா?"

நான் உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொரு புடவையாக விரித்தாள். முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டினாள். ஜரிகையைத் திருப்பிக் காட்டினாள். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க முகத்தில் மாட்டி, சாயங்காலம் கழற்றி வைக்கும் சிரிப்பு. அதை அவள் எனக்கு ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. பதினைந்து, இருபது புடவை விரித்திருப்பாள். ஒரு பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மறுபடியும் வாங்க மேடம்" என்று பையைக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்திருந்த குடும்பத்தைப் பார்த்துத் திரும்பினாள். நான் படியிறங்கும்போதும் அவர்களிடம் பேசும் குரல் கேட்டது. என்னிடம் பேசிய அதே குரல்.

அந்தப் பச்சைப் புடவையை என் நாத்தனார் மகள் வளைகாப்புக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல புடவை என்று எல்லோரும் சொன்னார்கள்.

இந்த வருடம் ஆடித் தள்ளுபடி ஆரம்பித்த முதல் வாரமே சின்ன முதலாளி என் மேசைக்கு வந்தார். போன வருட ரீல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். இந்தத் தடவை ஜவ்வாது மலை. அருவி, ஏரி, சாமை வயல் எல்லாம் இருக்கிறது. "பிளான் மட்டும் நீங்க போட்டுடுங்க மேடம், உங்களை மாதிரி யாராலயும் முடியாது" என்றார்.

போளூர் வழியா, ஆலங்காயம் வழியா, எது தோது என்று இரண்டு நாள் விசாரித்து எழுதிக் கொடுத்தேன். எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது என்று எழுதவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணொருத்தி, அக்காவின் இடத்தில் நிற்பவள், நடுவழியில் வண்டி நிற்குமா மேடம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கேமராக்காரரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். புடவை கட்டிவிட ஆள் வேண்டுமே என்று சின்ன முதலாளியிடம் நினைவுபடுத்தினேன். அழகுநிலையத்திலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார்.